சீலா மீன்

மாதா கோவில் மண்டபத்துத் திரைப்பட விழாவில் சந்தியாகு இப்படி அழுவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஏதோ வெளிநாட்டுப் படம். கடலில் ஒருவன் காணாமல் போகிறான். ஊரே வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒன்பது நாள் தேடி, உடலைக் கொண்டுவந்து அவன் மனைவியிடம் சேர்க்கிறது. திரேஸ்புரத்தில் இரண்டு வல்லப் படகுகளுக்குச் சொந்தக்காரரான சந்தியாகு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார்.

படம் முடிந்ததும் மைக்கை அவரிடம் கொடுத்தார்கள்.

"மனுசன்னா இப்படில்லா இருக்கணும். ஒருத்தன் கடல்ல கெடக்கும்போது மீன் பிடிக்க எப்படி மனசு வரும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஆக்னஸ்.

போன வருஷம் அவள் புருஷன் ஜெரோம் கடலில் காணாமல் போனான். ஆள் கிடைக்கும்வரை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது கரையில் எழுதாத சட்டம். மூன்றாம் நாள், சீலா மீன் கூட்டமாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தேடப் போவதாகச் சொல்லி வலையோடு போனவர் சந்தியாகு. வல்லம் நிறைய மீனோடு திரும்பினார். ஊரும் வாங்கித் தின்றது. ஜெரோம் கிடைக்கவே இல்லை.

ஆக்னஸ் கண்ணில் பட்டதும்தான், இவ்வளவு நேரம் அழுதும் இது ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லையே என்று சந்தியாகுவுக்கு உடம்பு கூசியது. மைக்கை வைத்துவிட்டுத் தலைகுனிந்து வாசலுக்கு நடந்தார்.

ஆக்னஸ் காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

"அழாதீங்கண்ணே," என்றாள். "படத்துல உள்ளவளுக்காவது ஆளு கெடச்சிட்டாருல்லா."