இன்னாசி அழுத்திய கை

ஞானபாக்கியம் வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து, அய்யா இன்னாசியின் உள்ளங்காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேதக்கோவில் சாமியாரின் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. அம்மா மதலேனாள்தான் ஆளனுப்பியிருக்கிறாள். மகளிடம் மூச்சுவிடவில்லை.

இன்னாசிக்கு நேற்றே பேச்சு அடைத்துப்போயிற்று. காது மட்டும் நன்றாகக் கேட்டது. வண்டிச் சத்தம் வந்த பக்கம் போன அவர் கண், திரும்பி மகளிடம் வந்து நின்றது.

அந்தக் கண் என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். மலைமேல் பேரியாற்று அணை வேலைக்குப் போய், காய்ச்சலோடு இறங்கிவந்த மனுசன் அவர். அங்கே செத்தவர்களுக்குக் குழி தோண்டியவரும் அவர்தான்.

“அந்தோனியார் சுரூபத்தக் கழுத்துல போட்டவனும் செத்தான், கருப்பன் கயித்தக் கட்டுனவனும் செத்தான். ரெண்டு பேரையும் ஒரே குழியிலதான் தள்ளுனேன். மேல ஒருத்தரும் இல்ல ஆத்தா” என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். அதன்பிறகு கோவில் படியை மிதிக்கவில்லை. அதற்காக மாரியம்மன் பக்கம் தலைவைத்துப் படுத்தாரா என்றால் அதுவும் இல்லை.

போன வாரம், பேச்சு இருக்கும்போதே மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “சாகுற நேரத்துல சாமியார வச்சு எனக்கு மந்திரிச்ச எண்ண பூச விட்றாத. உன்னையத்தான் நம்பிருக்கேன்.” அவளும் தலையாட்டினாள். தலையாட்ட என்ன செலவா ஆகிறது.

ஆனால் வீடு நிற்பது கோவில் மனையில். உழுவது கோவில் நிலம். வேதத்தை விட்டுச் செத்தவன் குடும்பத்துக்கு அதில் பாத்தியதை கிடையாது. மேலத்தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் சட்டிபானையோடு வெளியேறியது. செத்தவனைக் கல்லறைச் சுவருக்கு வெளியே கள்ளிக்குள் புதைத்தார்கள். இந்துக்கள் சுடுகாட்டிலும் சேர்க்கவில்லை. பாழாய்ப்போன ஊரில் சாமி வேண்டாம் என்றவனுக்கு ஆறடி மண்ணும் இல்லை.

சாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்து வைத்தார். கூட வந்த உபதேசியார் குனிந்து இன்னாசியின் காதோரம் சொன்னார்.

“பேச வேணாம்ப்பா. செஞ்ச பாவத்துக்கு மனசு நொந்து மனஸ்தாபப்படுறேன்னா மக கைய அழுத்து. அது போதும் சர்வேசுரனுக்கு.”

ஞானபாக்கியம் அய்யாவின் வலக்கையைப் பிடித்திருந்தாள். கை அசைந்தது. ஒரு விரலை உருவினார், அப்புறம் இன்னொன்றை. மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டி, அவள் பிடியிலிருந்து கையை முழுசாக விலக்கிக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். இந்த வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

“அழுத்தினாரா?” என்றார் சாமியார்.

ஞானபாக்கியம் முந்தானையை இழுத்து அய்யாவின் விரிந்த கையை மூடினாள். “அழுத்துனாக சாமி.”

இன்னாசி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கூரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நெற்றியிலும் கண்ணிமையிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார்கள். தடுக்கத் திராணியில்லாத மனுசன், பூசவிட்டுக் கிடந்தார்.

பொழுது சாயும் முன்னே உயிர் போயிற்று. கோவிலில் துக்கமணி அடித்தார்கள். சுவருக்கு உள்ளே குழி வெட்ட ஆள் போனது.

பெண்கள் வந்து சேரச் சேரப் பேச்சும் வளர்ந்தது. விரல் நெரியுற மாதிரி அழுத்துனாராம். கண்ணுல தண்ணி வழிஞ்சுச்சாம்.

“சேசுவேன்னு வாயசைஞ்சத இந்தக் கண்ணால பாத்தேன்” என்றாள் பக்கத்துவீட்டு மலையம்மாள். அந்நேரம் அவள் சின்னமனூர்ச் சந்தையில் இருந்தவள். ஞானபாக்கியம் வாயைத் திறந்தால் குழியைச் சுவருக்கு வெளியே வெட்டுவார்கள்.

மதலேனாள் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகள் பக்கம் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

“நரகத்துக்குப் போயிருவாகளோன்னு உசுரக் கையில பிடிச்சிட்டு இருந்தேன்டி. எம்புட்டு அழுத்துனாக? எங் கையில காமி.”

ஞானபாக்கியம் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“இம்புட்டா?” என்றாள் அம்மா. பிறகுதான் அழுகை வெடித்தது.

“எனக்கும் காமி ஆத்தா” என்று மலையம்மாள் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஞானபாக்கியம் மலையம்மாளின் கையைப் பிடித்தாள்.