முயல் வீட்டு இழவு

சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்திவிடுவது அயர்லாந்தின் கெரோபெக் ஊர் வழக்கம். அதனால் அட்ராக்டாவுக்கு மணி தெரியவில்லை. சவ வண்டி ஓட்டி வந்தவர் முற்றத்தில் நின்று தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதும்தான் தெரிந்தது. மேசை நிறைய ஹாம் சாண்ட்விச்; ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. பெட்டிக்குள் அப்பா பார்ட்லி ராபிட், உயிரோடிருந்தபோது ஒருநாளும் காட்டாத சாந்தத்தோடு படுத்திருந்தார். துக்கம் கேட்க ஒரு ஈ காக்கை வரவில்லை.

அடுத்த வீட்டுப் பூனை குட்டி போட்டால் அதன் தகப்பன் யாரென்று பேர் சொல்கிற ஊர் இது. காலையில் வானொலி சாவுச் செய்தி வாசிக்கும்போது குழந்தையின் வாயைக்கூடப் பொத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர் வரவில்லையென்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். வேலித் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் மாட்டி ஹெஷனை அப்பா பேசிய பேச்சுக்கு, ஊரே சேர்ந்து பழி தீர்க்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பா அவள் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊர்க்காரங்க தோள்ல போகணும்மா நான். பால் கேனை உருட்டுற மாதிரி தள்ளுவண்டியில வச்சு உருட்டிடாதே." சரிப்பா என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆறு தோள் வேண்டும். வீட்டிலிருந்த ஆண் தோள் தம்பி மலாக்கியுடையது மட்டும். போய் யாரையாவது கூப்பிடலாம்தான். ஆனால் சாவுக்கு அழைப்பு வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது?

மலாக்கி டப்ளினில் வாத்தியார். 'முயலே, கேரட் வேணுமா?' என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களின் புண்ணியத்தில், ராபிட் என்ற பேரைச் சட்டப்படி உதறிவிட்டு, ஐரிஷில் 'ஓ கொய்னீன்' ஆகியிருந்தான். அப்பா இதை ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வண்டிக்காரர் வாசலில் தலையை நீட்டினார். "அம்மா, கோயில்ல பாதிரியார் காத்திருக்காரு. தூக்க நானும் என் உதவிக்காரனும்தான். தள்ளுவண்டியை எடுத்துடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க." அட்ராக்டா சந்தை எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு டீலியா கில்டே வந்தாள். சந்து முனை வீட்டுக்காரி. கறுப்பு உடை இல்லை. கம்பளிச் சட்டையில் மாவு அப்பியிருந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" அட்ராக்டா சீறினாள்.

"என் ஏணியை வாங்கிட்டுப் போக வந்தேன்டி. உங்கப்பன் ஈஸ்டருக்கு முன்னால..." பெட்டி கண்ணில் பட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ பார்ட்லி! ஏணியைக் குடுக்காமலே போயிட்டியா?"

"வானொலியில கேக்கலையா நீங்க?"

"கேட்டேனே! யாரோ பார்ஹலான் ஓ கொய்னீன்னு சொன்னான். ஊர்ப் பேரும் வாயில நுழையல. ஐரிஷ் பேசுற தீவுக்காரன் எவனோன்னு நெனச்சு, ஒரு ஜெபம் சொல்லிட்டு முட்டையை வேகவச்சேன்."

அட்ராக்டா தம்பி பக்கம் திரும்பினாள். "என்ன பேரு குடுத்தே?"

"நம்ம பேரை." மலாக்கியின் முகம் வெளிறியிருந்தது. "பார்ட்லிக்கு ஐரிஷ்ல பார்ஹலான். ஊருக்கும் அதோட ஐரிஷ் பேரு. நம்ம தாத்தாவோட தாத்தா பேரு வாயில நுழையலன்னு இங்கிலீஷ்காரப் பண்ணையாரோட குமாஸ்தா ஒருத்தன் ராபிட்னு எழுதிட்டுப் போனான். அந்தப் பேரோடயா அக்கா அப்பாவைப் புதைக்கணும்?"

"ஐரிஷ்லயும் அது முயலுதானேடா?" என்றாள் டீலியா.

"நீங்க சும்மா இருங்க!" அட்ராக்டா தம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உன் பேரு உன் இஷ்டம்டா. நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அப்பாவைக் கேட்டியா?"

மலாக்கி ஜன்னல் பக்கம் பார்த்தான். கேட்கவில்லை என்பது அவன் காதுமடலிலேயே சிவப்பாகத் தெரிந்தது.

"வானொலியில அடுத்த வாசிப்பு சாயங்காலச் செய்திக்கு அப்புறம்தான். அதுக்குள்ள பெட்டி கோயிலுக்குப் போயாகணும்" என்றார் வண்டிக்காரர்.

"வானொலி எதுக்குய்யா?" டீலியா சைக்கிளில் ஏறினாள். "நான் செத்தா போயிட்டேன்?"

சந்து வளைவில் அவள் மறைந்தாள். வண்டிக்காரர் தள்ளுவண்டியைப் பிரித்து உள்ளே தள்ள வந்தார், சக்கரம் கிறீச்சிட்டது. அட்ராக்டா நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

"அம்மா, இதுக்கு மேல..."

"என் மேல ஏத்திட்டு உள்ள போங்க, அப்புறம் அப்பாவை எடுங்க."

அவர் உருட்டவுமில்லை, விடவுமில்லை. வண்டியின் முனை அவள் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றது. சந்தில் காற்றைத் தவிர எதுவும் அசையவில்லை.

பிறகு நாய் குரைத்தது.

முதலில் வந்தது மாட்டி ஹெஷன், சாணி காயாத பூட்ஸோடு. பின்னால் நான்கு பேர், பால் கறந்துகொண்டிருந்தவர்கள், பாதிச் சவரம் செய்தவர்கள். வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். மாட்டி பெட்டி மூடியில் பேர் பொறித்திருந்த பித்தளைத் தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மலாக்கியை ஏற இறங்கப் பார்த்தார். "வேலி இன்னும் என் பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு" என்று மட்டும் பார்ட்லியிடம் சொன்னார்.

மூடியைத் திருகினார்கள். மாட்டியும் மலாக்கியும் முன்னால், எதிரெதிர்த் தோள். தகட்டில் ஓ கொய்னீன்தான் பளபளத்தது. அதைக் கழற்றச் சொல்லி அட்ராக்டாவும் கேட்கவில்லை. முற்றத்துக் கல்லில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"டேய் முயலு," என்று முனகினார் மாட்டி, "உன் பக்கம் தாழுது பாரு. தூக்குடா."

மலாக்கி தூக்கினான்.