ஆகஸ்ட் மாதத்துத் தாள்

பத்தொன்பது வருடமாக எங்கள் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பாலில் வட்டாரக் காலேஜ்களின் கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தொட்டதில்லை. இந்த வருடம் நவம்பர் கடைசி சனிக்கிழமை மத்தியானம், மூன்றாவது கால்பகுதியில், நான்கு புள்ளி முன்னால் நின்றோம். அயோவா மண் உறைந்து சிமெண்ட் தரையாகக் கிடந்தது. அந்தத் தரையில்தான் டேரிலின் தலை போய் மோதியது.

நான் ஆண்டர்ஸ். வரிசையின் நடுவில் குனிந்து, பந்தைக் கால் சந்து வழியே பின்னால் கொடுப்பவன். வாங்கி எறிகிறவன் டேரில் ஹாவ்லிக், மூன்று வருடமாக என் அறைத்தோழன். ஒவ்வொரு முறையும் அவன் கை என் பின்பக்கம் வந்து தொட்ட பிறகுதான் பந்தைக் கொடுப்பேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எங்கள் பிழைப்பு அப்படி.

டேரில் எழுந்தான், கையை உயர்த்தினான், கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த முறை பந்தைக் கொடுக்க நான் குனிந்தேன். கை வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் நிற்கும் மோஸின் பின்னால் போய்க் குனிந்து, பந்து கேட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா, அவன விட்டுட்டு எங்கிட்ட வந்துட்ட? ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றான் மோஸ். மைதானமே சிரித்தது. பாவி, நானும் சிரித்தேன்.

டேரில் என் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் காதருகே கேட்டான். "ஆண்டர்ஸ், நாம இன்னைக்கு யாரோட ஆடுறோம்?"



அதற்குள் எங்கள் காயங்களைக் கவனிக்கும் மார்லீஸ் அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டாள். கோச் ஆட்டத்தை நிறுத்தி நேரம் வாங்கினார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். அவள் பத்து வார்த்தை சொன்னாள். டேரில் ஐந்தைத் திருப்பிச் சொன்னான். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். இரண்டு மாதத்தை விழுங்கினான். ஒற்றைக்காலில் நின்று தள்ளாடினான். அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒப்பிட்டாள். அவள் முகம் தெளிந்தது.

"ஆகஸ்ட்டுல நாலு வார்த்தைதான் சொல்லியிருக்கான், கோச். இன்னைக்கு அதவிட ஒண்ணு கூடவே சொல்றான். இவன் எப்பவும் இப்படித்தான் போல."

எப்பவும் இப்படி இல்லை! நாற்பது ஆட்டத் திட்டங்களை ஒரே மாலையில் மனப்பாடம் செய்கிறவன் அவன். ஆகஸ்டில், தலை நன்றாக இருக்கும்போதே எல்லோருக்கும் இந்தச் சோதனை வைப்பார்கள். பிறகு அடிபட்டால் ஒத்துப் பார்க்க. அதில் வேண்டுமென்றே சொதப்புவது எங்கள் பசங்களின் பழைய வழக்கம். அப்போதுதான் எந்த அடியும் கணக்கில் வராது, யாரும் நம்மை உட்கார வைக்க முடியாது. டேரிலுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். "பத்துல நாலு சொன்னா போதும்டா, கால கொஞ்சம் தள்ளாட விடு." அவன் தயங்கினான். "ரொம்ப நல்லவன் வேஷம் போடாத" என்று நான்தான் கேலி செய்தேன்.

அதே ஆகஸ்டில் ஒரு படமும் காட்டியிருந்தார்கள். குலுங்கின மூளைக்கு, அது ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் உயிரே போகலாம் என்று. அதையும் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் பீட்சா தின்னப் போனோம்.

டேரில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருடம், மேலே உட்கார்ந்திருக்கும் நாலாயிரம் பேர், இனி அவன் என் முகத்தில் விழிக்கவே மாட்டான் என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்து என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"மார்லீஸ், அந்தத் தாள் பொய். நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாரோட ஆடுறோம்னுகூட அவனுக்குத் தெரியல."

மார்லீஸ் கத்தவில்லை. டேரிலின் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன் தாளும் அப்படித்தானா?"

தலையாட்டினேன். என் ஹெல்மெட்டையும் வாங்கிக்கொண்டாள். ஹெல்மெட் இல்லாதவன் உள்ளே ஓட முடியாது. கோச் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். "நாம ஏன்டா வெளிய இருக்கோம்?" என்றான் டேரில்.

"நான் உன்னக் காட்டிக்கொடுத்துட்டேன்."

"துரோகி! என் மூஞ்சியிலயே முழிக்காத!" என்று எழுந்து நின்றான், தள்ளாடி உட்கார்ந்தான். மூன்று நிமிடம் கழித்து, சாந்தமாக, "நாம ஏன்டா வெளிய இருக்கோம்?"

மறுபடி சொன்னேன். மறுபடி துரோகியானேன். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அவனுக்கு அது புதுச் செய்தி. திட்டுகிறவரை எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. பிறகு அவன் வாந்தி எடுத்தான். ஆம்புலன்ஸ் வந்தது, என் தலையையும் பார்க்க வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள்.

கதவு மூடும்போது எதிரணிக்காரர்களின் கூச்சல் வானைப் பிளந்தது. கோப்பை போய்விட்டது. யார் ஜெயித்தது என்று டேரில் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. அவன் எதையுமே கேட்கவில்லை. கண் மூடிக் கிடந்தான்.

"டேரில், நான்தான்டா உன்னக் காட்டிக்கொடுத்தேன். கேக்குதா? நான்தான்டா! திட்டுடா!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை அதையே சொல்லிக்கொண்டு போனேன்.