கொசு பாடும் பெட்டி

பல் டாக்டர் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். வெளியே எடுத்து, வந்ததை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சோபா உறையில் துடைத்துக்கொண்டு, "அடடா, என்னா ஒரு அமைதி!" என்றார்.

அந்த உறையை அன்று காலையில்தான் வீட்டுக்காரி துவைத்துப் போட்டிருந்தாள்.

தேநீர்த் தட்டோடு நின்றவள் முகத்தைச் சுளித்தாள். அந்த விரலுக்கா, அந்த வார்த்தைக்கா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஏனென்றால் செல்லங்களே, அந்த அறையில் அமைதி என்பது மருந்துக்குக்கூட இல்லை. அலமாரியின் நடுத்தட்டில் சப்பென்று உட்கார்ந்திருந்த புதுப் பெட்டி, காதோரம் கொசு நின்று பாடுகிற மாதிரி 'ஈ...' என்று இழுத்துக்கொண்டே இருந்தது. பாட்டு ஓடும்போதும் இழுத்தது, நின்ற பிறகும் இழுத்தது. அது வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவளுக்குத் தலைவலி.

அந்தப் பெட்டிக்கு 'டாக்' என்று பெயர். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டைச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. பழைய டாக் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் அமில நெடியையும் பிள்ளைகளின் கூச்சலையும் விழுங்கிவிட்டு வீடு திரும்பி, விளக்குப் போடாமல் அந்தச் சோபாவில் சாய்ந்து வயலின் கேட்பாள். உப்பு எங்கே, சாவி எங்கே என்று யாரும் கேட்காத நேரம். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். இப்போது பழைய பெட்டியைப் பல் டாக்டர் கொண்டுபோகப் போகிறார். புதுசுதான் உசத்தி என்று தீர்ப்பானதும் எடுத்துக்கொள்ளப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

தீர்ப்புச் சொல்பவர் அவள் கணவர். நண்பர்கள் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். "காது சொல்லிட்டா கல்வெட்டு" என்பார், அன்று பல் டாக்டரோடு வந்திருந்த வக்கீல்.

பெட்டி வந்த அன்றே அவள் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, அது என்னமோ கீச்சுனு கத்துதுங்க."

"உனக்கு சீரியல் காது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மீன் முள்ளாகத் தொண்டையில் இன்னும் நின்றது.

"ரெண்டு பெட்டியையும் ஒரே சத்தத்துல வச்சாச்சா காது? ஒரு துளி சத்தம் கூடினாலே நல்லா இருக்குற மாதிரிதான் தோணும்" என்றார் வக்கீல்.

"மீட்டர் வச்சு அளந்தாச்சு. கேபிள் மாத்தலை, நாற்காலியை நகர்த்தலை. எனக்கேவா சொல்ற?"

எல்லாவற்றையும் அளந்திருந்தார்கள், பாவம். தலைக்கு இரண்டாகத் தொங்கிய தங்கள் காதுகளை மட்டும் யாரும் அளக்கவில்லை.

பாட்டு ஓடியது. மூவரும் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, வராத ஏப்பத்துக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கழற்றிப் போட்ட காலுறைகளின் வாடை தேநீரோடு கலந்து எழுந்தது.

"பழசுல பாடுறவ கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. இதுல வந்து மடியில உக்கார்றா" என்றார் வக்கீல், மீசையில் பிஸ்கட் தூளோடு. அவளுக்குக் குமட்டியது. அந்தப் பாடகிக்காகவும் சேர்த்துக் குமட்டியது.

"பின்னணி இருக்கே, அப்படியே மயான அமைதி" என்றார் காது. "தீர்ப்பு முடிஞ்சுது. புதுசுதான்."

பல் டாக்டர் பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தார்.

"அதைத் தொடாதீங்க!"

மூவரும் திரும்பினார்கள். அவள் தட்டை ணங்கென்று வைத்தாள். "புதுசு விசில் அடிக்குது. இதை வச்சுக்கிட்டு இந்த அறையில மனுஷி உக்கார முடியாது."

"மானத்தை வாங்காத" என்றார் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணி, சாட்சி இல்லாம கேஸ் நிக்காது" என்று இளித்தார் வக்கீல்.

"சாட்சி நான்தான். பாட்டை நிறுத்துங்க. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிறேன். பெட்டியைப் போடுங்க, அணைங்க, உங்க இஷ்டம். எப்ப ஓடுது, எப்ப ஓடலைன்னு நான் சொல்றேன்."

வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? சுவிட்சின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, சுவிட்சின் மேல் சும்மா தட்டிவிட்டு அணைக்காமல் விட்டார். ஒரே மூச்சில் அணைத்துப் போட்டும் ஏமாற்றப் பார்த்தார். "ஓடுது" என்றாள் அவள். "இன்னும் ஓடுது. இப்ப இல்ல. இப்ப ஓடுது. மறுபடி இல்ல." ஒன்றுகூடத் தப்பவில்லை. வக்கீலின் இளிப்பு மெல்ல வற்றியது.

மூவரும் எழுந்து போய்ப் பெட்டியில் காதை ஒட்டினார்கள். மூன்று பின்பக்கங்கள் அவளைப் பார்த்தன.

"லேசா... ஆமா, நூல் மாதிரி ஒண்ணு கேக்குது" என்றார் வக்கீல். "நான் அப்பவே நினைச்சேன்."

"எனக்கும் வந்ததுலேருந்தே ஒரு சந்தேகம்தான்" என்றார் பல் டாக்டர்.

"சீ!" என்றாள் அவள். "அது இப்ப அணைஞ்சு கிடக்கு."

காது மட்டும் நிமிரவில்லை. கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். கேட்டார். அணைத்தார். கேட்டார். மறுபடி போட்டார். அவர் பிடரி மெல்லச் சிவப்பதை அவள் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பல் டாக்டர் கனைத்தார். "வீட்ல நான் ஒண்டிக்கட்டை. எனக்குத்தான் கேக்கலையே, அப்ப எனக்கு என்ன நஷ்டம்? பேசாம புதுசையே நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துட்டுப் போ" என்றார் கணவர், யாரையும் பார்க்காமல்.

அவர்கள் போன பிறகு அவள் சோபா உறையை இரண்டு விரல் நுனியால் உரித்து வாளிக்குள் போட்டாள். கணவர் பழைய பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினார்.

"எப்பலேருந்து எனக்குக் கேக்கல?"

"அடுப்படி டைமர் கத்திக் கத்தி ஓயும். நீங்க பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு இருப்பீங்க. அப்பலேருந்து."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. கழுதை சொன்னா யாரு கேப்பா?"

அவர் வயலின் ஒன்றைப் போட்டார். கல்யாணமான இத்தனை காலத்தில் முதன்முறையாக அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டார். "எப்படி இருக்கு?"

'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்ல இரக்கம் முட்டியது. ஆனால் வயலின் அவள் பல்லைக் கூசவைத்தது. கேட்காமல் போனதை ஈடுகட்ட, புதுப் பெட்டி வந்த நாளிலிருந்து அவர் கீச்சு ஒலியைக் கூட்டும் மேல்ஸ்தாயிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அவளும் இத்தனை நாள் மொத்தத் தலைவலிக்கும் பெட்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

"தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு. அந்தக் குமிழை இறக்குங்க."

இறக்கினார்.

"இன்னும்."

இறக்கினார். "எனக்கு இப்ப வயலின் கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிக்குது."

"எனக்கு இப்பத்தான் வயலினா இருக்கு."

அவர் கை குமிழை நோக்கி நீண்டு, பாதியில் நின்று, திரும்பி வந்தது. உறையில்லாத சோபாவில், பல் டாக்டர் உட்கார்ந்திருந்த பக்கத்தை அவருக்கு விட்டுவிட்டு, அவள் மறுகோடியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.