மையவாடிக்குச் சொன்ன சலாம்

என் தம்பி லாபிர் கடைசியாகப் போன் எடுத்தது இங்கிலாந்தின் ஒரு நாட்டுப்புற ஊரிலிருந்து. ஆப்பிள் தோட்டத்தில் வேலை என்றான். அதன்பிறகு பேச்சு மூச்சில்லை. இலங்கையில், எங்கள் கடலோரக் கண்டக்குழியில் உம்மாவுக்கு ஒரே பிடிவாதம்: "மையத்தக் காணாம என்ட புள்ளைக்கு ஜனாஸா தொழ உடமாட்டன்." உடலைக் காணாமல் இறுதித் தொழுகை கிடையாதாம். இருக்கிறான் என்று மகிழவும் முடியாது, மௌத்தாகிவிட்டான் என்று அழவும் முடியாது. என்ன பிழைப்பு இது!

லண்டனில் வேலை செய்யும் என் புருஷன் சுஹைரை இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கல் வீடுகள், வைக்கோல் கூரை, ஜன்னல் தோறும் பூ. அழகாம் அழகு! பட்டப்பகலில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எங்கள் கரையில் மீன் வந்தால் காது கிழியும். லாபிரின் படத்தைக் காட்டிக் கதவு கதவாகத் தட்டினோம். ஒரே ஒரு கிழவர் திறந்தார். படத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

திரும்பும் பாதை தேவாலயத்து இடுகாட்டுக்குள்ளால், எங்கள் பேச்சில் மையவாடிக்குள்ளால், போனது. கபுறுகளைக் கடந்தால் அடங்கியவர்களுக்குச் சலாம் சொல்வது எங்கள் வழக்கம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"இது வெள்ளக்காரன்ட மையவாடி புள்ள," என்று சுஹைர் சிரித்தார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம், வாயாடி ராத்தா."

மதிலோரத்து மரத்தடியிலிருந்து வந்தது அந்தக் குரல். அக்காவான என்னை அப்படிக் கூப்பிட லாபிரைத் தவிர உலகத்தில் ஒருவருமில்லை. சுஹைரின் முகம் வெளுத்துப்போனது.

"உன்ன ஆரு கூப்பிட்டது?"

மரத்தடியில் ஆளில்லை. ஒரு மண்மேடு மட்டும். பலகையில், பெயர் தெரியாத ஆண் என்று எழுதியிருந்தது. மற்றக் கபுறுகள் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்க, இது மட்டும் கோணலாகக் கிடந்தது. சுஹைர் போனில் கிப்லாவை, மக்கா இருக்கும் திசையைப் பார்த்தார்.

"நபீலா, நம்மட முறைப்படிதான் அடக்கியிருக்கு."

யா அல்லாஹ், இந்த ஊரில் யாருக்கு அது தெரியும்? மண்ணில் விழுந்து அழுதேன். பிறகு உம்மாவுக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறக்க முன்னமே உம்மா சொன்னார்:

"மகள், இப்பதான் வாசல்ல லாபிர் சலாம் சொன்னான். பதில் சொல்லிக் கதவத் திறந்தன். ஒருத்தருமில்ல." அதோடு உம்மா பிடிவாதத்தை விட்டார். "பள்ளிவாசலுக்கு ஆளனுப்பிட்டன். இண்டைக்கே ஜனாஸா தொழட்டும்."

தொழுகை முடிந்ததாகச் செய்தி வரும்வரை அந்த மண்மேட்டருகிலேயே இருந்தோம். போகும்போது நான் மறுபடி சலாம் சொன்னேன்.

இந்த முறை யாரும் பதில் சொல்லவில்லை.