குளிப்பாட்டிய குஞ்சுகள்

இலங்கையின் கலஹாவுக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் மாரியாயி வளர்த்த எட்டுக் கோழிக்குஞ்சுகளுள் ஆறு, நான்கே நாள்களில் மாண்டுபோயின. குவைத்துக்கு வேலைக்குப் போகுமுன் மகள் நிஷாந்தினி அடைவைத்த முட்டைகளில் பொரித்தவை அவை. நாள்தோறும் தொலைபேசியில் அவள் முதலில் விசாரிப்பதும் அவற்றைத்தான்.

எஞ்சிய இரண்டின் பின்புறத்திலும் இரத்தம் கலந்த எச்சம் ஒட்டியிருந்தது. இப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் லயத்து ஆள்களைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? சிறுவயதில் காய்ச்சலில் கிடந்த மகளையும் முகங்கழுவிப் பவுடர் பூசியே ஆசுபத்திரிக்கு அழைத்துச் சென்றவள், இரண்டையும் சவர்க்காரமிட்டுக் குளிப்பாட்டினாள். ஒன்றைத் தாய்க்கோழியிடம் விட்டாள். மற்றதைத் துவாயில் சுற்றிக்கொண்டு மழையிலே பஸ் ஏறினாள்.

"அதுக்கும் டிக்கெட் எடுங்கக்கா," என்று கண்டக்டர் சிரித்தார்.

"திரும்பி வர்றப்ப அதுவே எடுக்கும், போங்க தம்பி."

மிருக வைத்தியர் ஜஹானா துவாயை விரித்தபோது குஞ்சு விறைத்திருந்தது.

"எச்சத்துல ரத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. சுத்தமா கழுவிட்டேன்."

"இது ரத்தக்கழிச்சல். தண்ணியில மருந்து கலந்து குடுத்திருந்தா பொழைச்சிருக்கலாம். ஈரத்துல குளிர் தாங்கல. வீட்டுல வேற இருக்கா?"

"ஒன்னு இருக்கு." மாரியாயி துவாயை மறுபடி குஞ்சின்மேல் மூடினாள். "அதையும் குளிப்பாட்டிட்டுத்தான் வந்தேன்."

வைத்தியர் மருந்துப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

ஓட்டமும் நடையுமாக அவள் வீடு சேர்ந்தபோது, தாய்க்கோழி சிறகை அகல விரித்து அமர்ந்திருந்தது. அடியிலே கைவிட்டுப் பார்த்தாள். குஞ்சு சில்லிட்டுக் கிடந்தது. அதை அவள் வெளியே எடுத்த பின்னரும் கோழி எழுந்திருக்கவில்லை.