நாடா இறுகிய இடம்

பெஞ்சில் அம்மா, அக்கா ஜோதிலட்சுமி, நான், மூக்கில் பஞ்சு ஒட்டிய படாளத்து விவசாயி ஒருவர், ஆக நாலு பேர்... செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, தோல் பிரிவு. அந்த ஆள் வெயிலில் ஏர் ஓட்டியவர், அவருக்குப் புற்று வந்தால் அதில் கணக்கு இருக்கிறது. தோலில் புற்று வெயிலால்தான் வரும் என்று நம்பி, திருவிடந்தை ரோட்டோரம் அம்மா மீன் விற்கும் இடத்தில் பெரிய குடை நட்டுக் கொடுத்தவன் நான். அம்மாவுக்கோ புண் இடுப்பில், வெயிலே பார்க்காத இடத்தில். சற்று முன் உள்ளே பார்த்தபோது, பாவாடை நாடாவை எங்கே கட்டுவீங்க என்று டாக்டரம்மா கேட்டார். "நாப்பது வருஷமா ஒரே எடம்தாம்மா, இறுக்கிக் கட்லேன்னா கூடயத் தூக்கசொல்ல ரோட்லயே அவுந்துக்கும்." டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரே இடத்தில் கயிறு உரசி உரசித் தோல் வெளுத்து, வெடித்து, ஆறாத புண்ணாகி, சில பேருக்கு அது புற்றாகவும் மாறலாம், சதைத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு நாளாப் புண்? அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு மாசம்."

ரெண்டு மாசமா? நைட் ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு திரும்பிய ஒரு நாள், கொடியில் காய்ந்த அம்மாவின் பாவாடையில், நாடாவுக்குக் கீழே, பழுப்புக் கறை... அந்த வேலையை விட்டே பதினாலு மாதம் ஆகிறது. பொம்பளைங்க சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்தேன். அவளுக்கு அது நின்று பத்து வருஷம் என்று எனக்குத் தெரியாதா என்ன?

"நைட்டி போட்டுக்கோன்னு எத்தினி வாட்டி சொன்னேன்," என்கிறாள் அக்கா. "நைட்டில போய் ஒக்காந்தா எவன்டி மீனு வாங்குவான், தூங்க வந்துகிறான்னு நெனைப்பான்." சிரிக்கிறார்கள், படாளத்துக்காரர்கூட. நான் சொல்ல வேண்டும், நாள் கணக்கு தப்பு என்று இப்போதே சொல்ல வேண்டும், சொன்னால் நீ எப்போ பார்த்தே என்று கேட்பார்கள்...

துண்டு எடுக்க அம்மாவை நர்ஸ் கூப்பிட்டார். நான் எழுந்தேன். "நீ இன்னாத்துக்குடா எழுந்துக்கற, ஒக்காரு," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அந்த விடியலுக்குப் பிறகு அவள் பாவாடை முன்கொடியில் காயவே இல்லை, பின்பக்கம், துண்டுக்கு அடியில்தான் காய்ந்தது... நான் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று நான் சொல்வதற்குள் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.